இடைமாற்று உடைமையும் அரசுகளின் கூட்டுப் பொறுப்பும்: சிவில் விமானப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டு விமானப் பயணத்தில் ஒரு நாட்டில் பதிவு செய்யப்படும் உடைமை மற்றொரு நாட்டில் விமானம் மாறி மூன்றாம் நாட்டில் இறங்குகிறது. அதனைச் சோதிக்கும் பொறுப்பு எந்த அரசுக்கு உரியது, ஓர் அரசு செய்த சோதனையை மற்றோர் அரசு எதன் அடிப்படையில் நம்புகிறது என்னும் வினாக்கள் சிவில் விமானப் பாதுகாப்புச் சட்டத்தின் மையத்தில் உள்ளன. 1984இல் மீனம்பாக்கம், 1985இல் கனிஷ்கா, 1988இல் லாக்கர்பி ஆகிய மூன்று நிகழ்வுகளை முன்வைத்து, குற்றவியல் உடன்படிக்கைகள், பொதுத் தரநிலைகள், தணிக்கை, சமநிலை ஏற்பு ஆகிய நான்கு வழிகளில் அரசுகளின் ஒத்துழைப்பு எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. விதிகளை வகுப்பதில் நாடுகள் அடைந்த ஒருமைப்பாட்டைத் தகவல் பகிர்விலும் சரிபார்ப்பிலும் அடையவில்லை என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச் சொற்கள்: சிவில் விமானப் பாதுகாப்பு, ஐகாவோ, சிகாகோ உடன்படிக்கை, பதினேழாம் இணைப்பு, இடைமாற்று உடைமை, இறையாண்மை, தணிக்கை, சமநிலை ஏற்பு.

முன்னுரை

வான்வெளி மீதான முழு இறையாண்மை ஒவ்வொரு நாட்டுக்கும் உரியது என்பது பன்னாட்டு விமானச் சட்டத்தின் முதல் விதி. எனினும், ஒரு நாட்டின் வான்வெளியில் பறக்கும் விமானம் பாதுகாப்பானதா என்பதை அந்நாடு மட்டும் தீர்மானித்துவிட இயலாது. விமானம் புறப்பட்ட நிலையத்தில் பயணிகளைச் சோதித்தவர், உடைமைகளை ஏற்றியவர், சரக்கினை ஏற்றுக்கொண்டவர் ஆகிய அனைவரும் வேறோர் அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவர்கள். ஆகவே ஒரு நாட்டின் பாதுகாப்பு, தன் ஆணை செல்லாத இடத்தில் பிறர் ஆற்றும் கடமையைச் சார்ந்து நிற்கிறது. இச்சார்பு நிலையே அரசுகளுக்கிடையிலான ஒத்துழைப்பைத் தவிர்க்க முடியாததாக்குகிறது.

இச்சிக்கலை மிகத் தெளிவாகக் காட்டும் பொருள் இடைமாற்று உடைமையாகும். பயணி ஒருவர் தாம் புறப்படும் ஊரில் ஒப்படைக்கும் பெட்டி, இடையிலுள்ள நிலையங்களில் அவர் கைக்கு வராமலேயே அடுத்த விமானத்துக்கு மாற்றப்பட்டு இறுதி ஊரைச் சென்றடைகிறது. பயணிக்கு இது வசதி. பாதுகாப்பு அலுவலருக்கோ, பிறர் செய்த சோதனையை ஏற்பதா, மறுபடியும் சோதிப்பதா என்னும் முடிவினை ஒவ்வொரு பெட்டிக்கும் எடுக்க வேண்டிய நிலை.

கலைச்சொல் விளக்கமும் ஆய்வெல்லையும்

ஆங்கிலத்தில் சேஃப்டி, செக்யூரிட்டி என வேறுபடுத்தப்படும் இரு கருத்துகளும் தமிழில் பாதுகாப்பு என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. எந்திரக் கோளாறு, வானிலை, விமானியின் பிழை முதலியவற்றால் நேரும் விபத்துகளைத் தடுப்பது முன்னது. கடத்தல், குண்டுவைப்பு, நாசவேலை போன்ற வேண்டுமென்றே செய்யப்படும் சட்டவிரோதக் குறுக்கீடுகளைத் தடுப்பது பின்னது. இக்கட்டுரையில் பாதுகாப்பு என்னும் சொல் பின்னதையே குறிக்கிறது. இவ்வேறுபாடு சொல்லளவில் முடிவதன்று. விபத்து குறித்த தகவல்களை வெளியிடுவதால் அனைவரும் பயனடைவர். சட்டவிரோதக் குறுக்கீட்டைத் தடுக்கும் ஏற்பாடுகளை வெளியிட்டாலோ அவை பயனற்றுப் போகக்கூடும். பாதுகாப்புத் துறையில் ஒத்துழைப்புக்கும் இரகசியத்துக்கும் இடையே நிலவும் இழுபறி இவ்வியல்பிலிருந்தே தோன்றுகிறது.

பயணிகள் விமானங்களில் ஏற்றப்படும் உடைமைகள் குறித்த ஒழுங்குமுறையே இக்கட்டுரையின் எல்லை. பிற பாதுகாப்புக் கூறுகள் தேவையான இடங்களில் மட்டும் சுட்டப்படுகின்றன.

சிகாகோ உடன்படிக்கையும் பொதுத் தரநிலைகளும்

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து குறித்த சிகாகோ உடன்படிக்கை 1944 டிசம்பர் 7இல் கையெழுத்தானது. 1947 ஏப்ரல் 4இல் நடைமுறைக்கு வந்தது. இதன்வழி உருவான பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது ஐகாவோ, மான்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. இன்று 193 நாடுகள் இதில் உறுப்பு வகிக்கின்றன.

உடன்படிக்கை உருவான காலத்தில் விமானக் கடத்தலோ குண்டுவைப்போ பெரும் சிக்கலாகக் கருதப்படவில்லை. எனவே பாதுகாப்பு குறித்த தனிப் பிரிவு அதில் இல்லை. ஆயினும் 37ஆம் உறுப்பு, பறப்புத் தொடர்பான தரநிலைகளையும் பரிந்துரைக்கப்பட்ட நடைமுறைகளையும் வகுக்கும் அதிகாரத்தை ஐகாவோவுக்கு அளித்திருந்தது. 1960களின் இறுதியில் விமானக் கடத்தல்கள் பெருகியபோது இவ்வதிகாரம் பயன்படுத்தப்பட்டது. 1970 ஜூனில் ஐகாவோ பேரவையின் சிறப்புக் கூட்டம் மான்ட்ரியலில் கூடிப் பாதுகாப்பு குறித்து விவாதித்தது. அதன் தொடர்ச்சியாக 1974 மார்ச் 22இல் ஐகாவோ மன்றம் சிகாகோ உடன்படிக்கையின் பதினேழாம் இணைப்பை ஏற்றது. சட்டவிரோதக் குறுக்கீட்டிலிருந்து சிவில் விமானப் போக்குவரத்தைக் காப்பதற்கான பொதுத் தரநிலைகள் இதில் இடம்பெற்றன.

இணைப்புகள் உருவாகும் முறை கவனிக்கத்தக்கது. 90ஆம் உறுப்பின்படி மன்றத்தின் மூன்றில் இரு பங்கு வாக்குகளால் ஓர் இணைப்பு ஏற்கப்படுகிறது. உறுப்பு நாடுகளுள் பெரும்பான்மை குறிப்பிட்ட காலத்துக்குள் மறுப்புத் தெரிவிக்காவிடில் அது செயலுக்கு வருகிறது. ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்கும் காத்திருக்கும் உடன்படிக்கை முறையைவிட இது விரைவானது. அதே வேளையில், ஒரு தரநிலையைப் பின்பற்ற இயலாத நாடு தன் நடைமுறை எவ்வாறு வேறுபடுகிறது என்பதை ஐகாவோவுக்கு அறிவிக்க 38ஆம் உறுப்பு வழிசெய்கிறது. விரைந்த ஒருமைப்பாடும் இறையாண்மைக்குரிய விலகலும் ஒரே அமைப்பில் உடன் இயங்குகின்றன என்பதை இவ்விரு உறுப்புகளும் காட்டுகின்றன.

குற்றவியல் உடன்படிக்கைகள்

தரநிலைகள் தோன்றும் முன்னரே நாடுகள் குற்றவியல் சட்டத்தின் வழியாக ஒத்துழைக்கத் தொடங்கின. 1963ஆம் ஆண்டு டோக்கியோ உடன்படிக்கை, பறக்கும் விமானத்தில் நிகழும் குற்றங்கள் மீது விமானம் பதிவு செய்யப்பட்ட நாட்டுக்கு உள்ள அதிகாரத்தை வரையறுத்தது. 1970ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை கடத்தலையும், 1971ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கை விமானத்தை அழித்தல், அதில் வெடிபொருள் வைத்தல் போன்ற செயல்களையும் குற்றங்களாக்கின. குற்றம் சாட்டப்பட்டவர் தன் மண்ணில் இருக்கும் நாடு அவரை ஒப்படைக்க வேண்டும். இல்லையேல் வழக்குத் தொடர்வதற்காகத் தன் உரிய அதிகாரிகளிடம் அவ்வழக்கைச் சமர்ப்பிக்க வேண்டும் என்னும் நெறியை இவ்விரண்டும் நிலைநாட்டின. எந்த நாடும் குற்றவாளிக்குப் புகலிடமாகக் கூடாது என்பதே இதன் நோக்கம்.

இவ்வுடன்படிக்கைகளில் ஓர் இடைவெளி இருந்தது. 1971ஆம் ஆண்டு உடன்படிக்கை விமானத்தை மையமாகக் கொண்டது. விமான நிலையக் கட்டடத்தில் பயணிகளைத் தாக்கும் செயலைத் தனிக் குற்றமாக வகைப்படுத்தவில்லை. 1985 டிசம்பர் 27இல் ரோம், வியன்னா விமான நிலையங்களில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின், 1988 பிப்ரவரி 24இல் ஏற்கப்பட்ட மான்ட்ரியல் நெறிமுறை இவ்விடைவெளியை நிரப்பியது. இந்தியா 1994ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழி இதனைத் தன் சட்டத்தில் சேர்த்தது. பின்னர் 2010இல் பெய்ஜிங்கில் ஏற்கப்பட்ட உடன்படிக்கை, சிவில் விமானத்தையே ஆயுதமாகப் பயன்படுத்துதல், உயிரியல், வேதியியல், அணுக்கருப் பொருள்களை விமானத்திலிருந்து வீசுதல் முதலியவற்றையும் குற்றங்களாக்கியது. அது 2018 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்தது.

குற்றவியல் உடன்படிக்கைகள் பெரும்பாலும் நிகழ்வுக்குப் பின்னரே செயல்படுவன. பெட்டி விமானத்தில் ஏறும் முன் அதனைத் தடுப்பது எவ்வாறு என்னும் வினாவுக்கு அவற்றில் விரிவான விடை இல்லை. அவ்விடையைத் தரவேண்டியது பதினேழாம் இணைப்பாகும். அதுவும் தன் முதற் பத்தாண்டில் பயணிகளையும் அவர்தம் கைப்பைகளையும் சோதிப்பதிலேயே முதன்மையாகக் கருத்துச் செலுத்தியது. கடத்தல்காரர் ஆயுதத்துடன் தாமே விமானத்தில் ஏறுவார் என்பது அன்றைய கணிப்பு. விமானத்தில் ஏறாமலேயே தன் பெட்டியை மட்டும் அனுப்புபவர் அக்கணிப்புக்குள் அடங்கவில்லை.

மீனம்பாக்கம் 1984

1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் பன்னாட்டு விமான நிலையத்தில் குண்டு வெடித்துச் சுமார் 30 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். கொழும்பு செல்லும் ஏர் லங்கா விமானத்துக்கு உரிய பெட்டிகளைப் பதிவு செய்தவர் விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகள் நிலையத்துக்குள் தங்கின. குண்டு குறித்த தொலைபேசி எச்சரிக்கை வந்தும் அவை உரிய நேரத்தில் அப்புறப்படுத்தப்படவில்லை. இலங்கைத் தமிழ் ஆயுதக் குழு ஒன்றைச் சேர்ந்தவர்கள் இதன் பின்னணியில் இருந்தனர் என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

இந்நிகழ்வில் பின்னர் உலகம் அறியவிருந்த கூறுகள் அனைத்தும் காணப்படுகின்றன: ஆளின்றி விடப்பட்ட பெட்டி, எல்லை கடந்த இலக்கு, கிடைத்தும் பயன்படாத எச்சரிக்கை. எனினும் வெடிப்பு விமானத்தில் நிகழாமல் நிலையத்தில் நிகழ்ந்தமையால், அது பன்னாட்டு விமானச் சட்ட விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. ஓர் ஆண்டு முடிவதற்குள் அதே வழிமுறை அட்லாண்டிக் கடல் மீது 329 உயிர்களைப் பறித்தது.

கனிஷ்கா 1985

1985 ஜூன் 22இல் கனடாவின் வான்கூவர் விமான நிலையத்தில் இரு பெட்டிகள் பதிவாயின. ஒன்று சி.பி. ஏர் நிறுவனத்தின் விமானத்தில் டொரண்டோ சென்று அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டியது. மற்றொன்று டோக்கியோவின் நரிட்டா நிலையத்தில் பாங்காக் செல்லும் ஏர் இந்தியா விமானத்துக்கு மாற வேண்டியது. பதிவு செய்தவர்கள் இருவரும் விமானம் ஏறவில்லை. டொரண்டோவுக்கான பெட்டியைப் பதிவு செய்தவருக்கு ஏர் இந்தியா விமானத்தில் இருக்கை உறுதியாகியிருக்கவில்லை. ஆயினும் அவர் வற்புறுத்தியதால் பெட்டி இறுதி ஊர் வரை செல்லுமாறு அட்டை கட்டப்பட்டது.

டொரண்டோவில் உடைமைகளைச் சோதிக்கும் எக்ஸ்-ரே கருவி அன்று பழுதாயிற்று. எஞ்சிய பெட்டிகள் கையடக்க வெடிபொருள் உணர்கருவியால் சோதிக்கப்பட்டன. விமானத்தில் ஏறிய பயணிகளோடு பெட்டிகளை ஒப்புநோக்கும் முறை பின்பற்றப்படவில்லை. மான்ட்ரியல் வழியாக இலண்டன் நோக்கிச் சென்ற கனிஷ்கா என்னும் அவ்விமானம் ஜூன் 23 காலை அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. பயணிகளும் பணியாளருமாக 329 பேர் உயிரிழந்தனர். ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன் நரிட்டாவில் மற்றொரு பெட்டி வெடித்து உடைமைகளைக் கையாளும் பணியாளர் இருவர் இறந்திருந்தனர்.

உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் கனடா அமைத்த விசாரணை ஆணையம் 2010 ஜூனில் அறிக்கை அளித்தது. பல அமைப்புகளின் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேர்ந்தமையால் இத்துயரம் தடுக்கப்படாமல் போயிற்று என்று அது கண்டது. விமானங்களில் நேரக்குண்டு வைக்கும் முயற்சி நடக்கலாம் என்று 1985 ஜூன் 1இல் ஏர் இந்தியா அனுப்பிய டெலக்ஸ் செய்தி கனடியக் காவல் துறைக்குக் கிடைத்தும், அந்நாட்டின் உளவுத் துறைக்கு அனுப்பப்படவில்லை என்பது அவ்வறிக்கை சுட்டிய குறைகளுள் ஒன்று.

இங்கு இரு பிழைகளை வேறுபடுத்திக் காண்பது தேவை. பெட்டி தடையின்றி ஏறியது விதியின் குறை. ஆளில்லாப் பெட்டியைத் தடுக்கும் கட்டாயம் பன்னாட்டு அளவில் அன்று வலுவாக இல்லை. எச்சரிக்கை உரியவரைச் சேராதது தகவல் பகிர்வின் குறை. முதற் குறையைத் தரநிலைத் திருத்தத்தால் களைய முடிந்தது. இரண்டாம் குறை இன்றளவும் நீடிக்கிறது.

விதியின் மாற்றமும் லாக்கர்பியும்

கனிஷ்காவுக்குப் பின் ஐகாவோ பதினேழாம் இணைப்பை விரிவாகத் திருத்தியது. விமானத்தில் இல்லாதவரின் உடைமையை, உரிய பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்கு உட்படுத்தாமல் ஏற்றலாகாது என்னும் கருத்து தரநிலையாயிற்று. ஆனால் எழுத்திலுள்ள விதியும் தளத்திலுள்ள நடைமுறையும் ஒன்றல்ல என்பதை 1988 டிசம்பர் 21 காட்டியது. அன்று பான் ஆம் 103ஆம் விமானம் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மீது வெடித்தது. விமானத்தில் 259 பேரும் தரையில் 11 பேருமாக 270 பேர் மாண்டனர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் அமைத்த ஆணையம் 1990இல் அளித்த அறிக்கையில், இடைமாற்று உடைமைகளைப் பயணிகளோடு ஒப்புநோக்குவதில் நேர்ந்த தளர்வைக் கண்டித்தது. குண்டிருந்த பெட்டி ஆளின்றி மால்டாவில் ஏறி, பிராங்க்பர்ட்டிலும் இலண்டனிலும் விமானம் மாறியது என்று நெதர்லாந்தில் கூடிய ஸ்காட்லாந்து நீதிமன்றம் 2001இல் தீர்ப்பளித்தது. தன் நிலையத்தில் பெட்டி ஏறியது என்பதை மால்டா மறுத்து வந்துள்ளது.

லாக்கர்பி குற்றவியல் உடன்படிக்கையின் எல்லையையும் வெளிப்படுத்தியது. குற்றம் சாட்டப்பட்ட லிபியர் இருவரையும் ஒப்படைக்குமாறு அமெரிக்காவும் பிரிட்டனும் கோரின. மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அவர்களைத் தன் நாட்டிலேயே விசாரிக்கும் உரிமை தனக்கு உண்டு என வாதிட்டு லிபியா 1992இல் பன்னாட்டு நீதிமன்றத்தை நாடியது. அதே ஆண்டில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 748ஆம் தீர்மானத்தின் வழி லிபியா மீது தடைகளை விதித்தது. இடைக்காலப் பாதுகாப்பு கோரிய லிபியாவின் மனுவை ஏற்க நீதிமன்றம் மறுத்தது. எனினும் வழக்கை விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என 1998இல் கூறியது. வழக்கு இறுதித் தீர்ப்பு எட்டாமலேயே 2003இல் திரும்பப் பெறப்பட்டது. ஒப்படை அல்லது வழக்குத் தொடு என்னும் நெறி, நாடுகளிடையே அடிப்படை நம்பிக்கை உள்ளபோது மட்டுமே இயங்கும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

லாக்கர்பியில் பயன்பட்ட வெடிபொருளை அக்காலக் கருவிகளால் கண்டறிவது கடினமாக இருந்தது. எனவே நெகிழி வெடிபொருள்களில் கண்டறிய உதவும் அடையாளப் பொருளை உற்பத்தியிலேயே சேர்க்க வேண்டும் என்னும் உடன்படிக்கை 1991 மார்ச் 1இல் மான்ட்ரியலில் ஏற்கப்பட்டது. பின்னர் பயணிகள் ஒப்படைக்கும் உடைமைகள் அனைத்தும் புறப்படும் நிலையத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்னும் தரநிலை 2006 ஜனவரி 1 முதல் செயலுக்கு வந்தது. கனிஷ்காவுக்கும் இவ்விதிக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன.

தணிக்கை: நம்பிக்கையின் சான்று

தரநிலை ஒன்று எல்லா நாடுகளிலும் ஒரே அளவில் பின்பற்றப்படுகிறதா என்பதை அறியும் வழி நெடுங்காலம் இல்லை. நாடுகள் தத்தம் நிலையைத் தாமே அறிவிக்கும் முறையே இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இந்நிலை மாறியது. 2002 பிப்ரவரியில் மான்ட்ரியலில் நடைபெற்ற அமைச்சர்கள் நிலை மாநாட்டின் பரிந்துரைப்படி உலகளாவிய பாதுகாப்புத் தணிக்கைத் திட்டம் உருவாயிற்று. அதே ஆண்டு நவம்பரில் முதல் தணிக்கை தொடங்கியது. ஐகாவோ அனுப்பும் வல்லுநர் குழு ஒரு நாட்டின் சட்டங்களையும் மேற்பார்வை அமைப்பையும் விமான நிலைய நடைமுறைகளையும் ஆராய்ந்து குறைகளைப் பட்டியலிடும். நாடு திருத்தத் திட்டம் அளிக்க வேண்டும். இறையாண்மையுள்ள அரசு தன் பாதுகாப்பு ஏற்பாடுகளை வெளியாரின் ஆய்வுக்குத் திறந்து வைப்பது அதற்கு முன் எளிதில் கருதக்கூடியதன்று.

ஆயினும் தணிக்கையின் முழு முடிவுகள் பொதுவெளிக்கு வருவதில்லை. பிற உறுப்பு நாடுகளுக்கும் அளவான தகவலே கிடைக்கிறது. இதற்கு வலுவான காரணம் உண்டு: குறைகளின் பட்டியல் தாக்க நினைப்பவருக்கு வழிகாட்டியாகிவிடும். மறுபுறம், முடிவின் விவரம் அறியாத நாடு அதனை நம்பித் தன் சோதனையைக் குறைக்க முன்வருவதில்லை. நம்பிக்கையை உருவாக்க வேண்டிய சான்று முழுமையாகக் காட்டப்பட முடியாத சான்றாகவே அமைகிறது. இம்முரணுக்கு ஐகாவோ அமைப்பு இன்னும் நிறைவான தீர்வு காணவில்லை.

சமநிலை ஏற்பும் தனிநாட்டு நடவடிக்கையும்

பதினேழாம் இணைப்பின் இன்றைய விதிப்படி இடைமாற்று உடைமை, அடுத்த விமானத்தில் ஏறும் முன் சோதிக்கப்பட வேண்டும். அது புறப்பட்ட இடத்தில் சோதிக்கப்பட்டுப் பின் எவரும் தலையிடாதவாறு காக்கப்பட்டது என்பதைச் சரிபார்க்கும் ஏற்பாட்டை உரிய நாட்டுடன் இணைந்து நிறுவியிருந்தால் மறுசோதனை தேவையில்லை. நாடுகளின் நம்பிக்கை சட்டவடிவம் பெறும் இடம் இதுவே.

இவ்வழியில் மிகுதியும் முன்னேறியது ஐரோப்பிய ஒன்றியமாகும். 300/2008 எண் கொண்ட ஒழுங்குமுறை உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் பொதுவான அடிப்படைத் தரங்களை வகுத்தது. ஒன்றியத்துக்குள் ஒருமுறை சோதிக்கப்பட்ட பயணியும் உடைமையும் அடுத்த நிலையத்தில் மீண்டும் சோதிக்கப்படுவதில்லை. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர் போன்ற சில வெளிநாடுகளின் தரங்களும் வெவ்வேறு அளவுகளில் சமநிலையானவை என ஏற்கப்பட்டுள்ளன. இவ்வேற்பு இருவழியாக அமைய வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. பட்டியலில் இடம்பெற்ற நாடு, இடம்பெறாத நாடு என இருநிலை தோன்றுவதும் இதன் விளைவு. பதினேழாம் இணைப்பு அனைத்து நாடுகளுக்கும் ஒன்றே. நடைமுறையிலோ நம்பிக்கை இருதரப்பு ஏற்பாடுகளால் பங்கிடப்படுகிறது.

நம்பிக்கை குன்றும்போது நாடுகள் தனித்துச் செயல்படுகின்றன. 2015 அக்டோபர் 31இல் எகிப்தின் ஷார்ம் எல்-ஷேக் நகரிலிருந்து புறப்பட்ட ரஷ்ய விமானம் சினாய் மீது வீழ்ந்து 224 பேர் உயிரிழந்தனர். குண்டே காரணம் என ரஷ்யா பின்னர் அறிவித்தது. பிரிட்டன் அந்நகருக்கும் ரஷ்யா எகிப்து முழுமைக்கும் விமானச் சேவையை நிறுத்தின. அவை மீண்டும் தொடங்கப் பல ஆண்டுகள் ஆயின. 2017 மார்ச்சில் மடிக்கணினி முதலிய பெரிய மின்னணுக் கருவிகளைப் பயணி அறைக்குள் கொண்டுவர அமெரிக்கா தடை விதித்தது. அத்தடை எட்டு நாடுகளிலுள்ள பத்து விமான நிலையங்களுக்குப் பொருந்தியது. அதே நாளில் பிரிட்டன் ஆறு நாடுகளுக்குத் தடை அறிவித்தது. இரு பட்டியல்களும் ஒத்திருக்கவில்லை: துபாய், அபுதாபி, தோகா ஆகியவை அமெரிக்கப் பட்டியலில் மட்டுமே இருந்தன. தமிழகத்திலிருந்து வளைகுடா நகரங்கள் வழியாக அமெரிக்கா செல்லும் பயணிகளும் இத்தடைக்கு உள்ளாயினர். ஒரே அச்சுறுத்தலை இரு நட்பு நாடுகள் வெவ்வேறாக மதிப்பிட்டதன் காரணத்தை, பாதிக்கப்பட்ட நாடுகளோ பயணிகளோ முழுமையாக அறிய இயலவில்லை. கூடுதல் பாதுகாப்பு கோரும் நாடு உரிய கலந்தாய்வு நடத்தி மாற்று வழிகளையும் கருத வேண்டும் என்னும் பதினேழாம் இணைப்பின் நெறி, அவசர வேளைகளில் எளிதில் பின்தள்ளப்படுகிறது என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 2010 அக்டோபரில் யேமனிலிருந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட இரு சரக்குப் பொதிகளில் அச்சுப்பொறி மைப்பேழைகளுக்குள் வெடிபொருள் மறைக்கப்பட்டிருந்தது. சவூதி அரேபிய உளவுத் துறை அளித்த தகவலால் ஒன்று துபாயிலும் மற்றொன்று இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் நிலையத்திலும் கண்டறியப்பட்டன. கருவிகளின் சோதனையைக் கடந்து சென்ற பொதிகளைத் தடுத்தது நாடுகள் பகிர்ந்துகொண்ட தகவலே. 1985இல் நிகழாது போனது 2010இல் நிகழ்ந்தது.

இந்தியாவின் நிறுவன மறுமொழி

இந்தியாவில் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு 1978இல் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஓர் அங்கமாகத் தொடங்கப்பட்டது. கனிஷ்காவுக்குப் பின் 1987 ஏப்ரல் 1இல் அது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் என்னும் தனித் துறையாயிற்று. பதினேழாம் இணைப்பைச் செயல்படுத்தும் பொறுப்பு இதற்கு உரியது. பயணிகள் விமானத்தில் ஏறும் முன் ஓடுதள அருகில் வரிசையாக வைக்கப்பட்ட தம் பெட்டிகளை நேரில் அடையாளம் காட்ட, அதன் பின்னரே அவை ஏற்றப்படும் முறை இந்திய நிலையங்களில் பல ஆண்டுகள் வழக்கில் இருந்தது. பயணி காட்டாத பெட்டி தரையிலேயே நின்றுவிடும். விலையுயர்ந்த கருவிகள் பரவாத காலத்தில் ஒப்புநோக்கும் நெறியை எளிய வழியில் நிறைவேற்றிய முறை அது.

1999 டிசம்பரில் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட பின், விமான நிலையக் காவல் படிப்படியாக மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் இது தொடங்கியது. விமானம் அயல்நாட்டு நிலையத்தில் புறப்பட்டதாயினும் சீர்திருத்தம் உள்நாட்டு நிலையங்களிலேயே நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. தன் ஆணை செல்லும் இடத்தில் மட்டுமே ஓர் அரசு உடனடியாகச் செயல்பட முடியும். அதற்கு அப்பால் உள்ளவற்றுக்கு ஒத்துழைப்பு ஒன்றே வழி.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பின்வரும் முடிபுகளை எட்டலாம்.

முதலாவதாக, சிவில் விமானப் பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் பேரிழப்புக்குப் பின்னரே வளர்ந்துள்ளன. மீனம்பாக்கத்தில் வெளிப்பட்ட ஆபத்து கனிஷ்காவுக்குப் பின் விதியாயிற்று. அவ்விதியின் நடைமுறைத் தளர்வு லாக்கர்பிக்குப் பின் உணரப்பட்டது. ஒரு நாட்டில் நிகழ்ந்ததைப் பிற நாடுகள் தமக்குரிய பாடமாகக் கொள்ளும் ஏற்பாடு இருந்திருப்பின் இக்கால இடைவெளி சுருங்கியிருக்கும்.

இரண்டாவதாக, தரநிலை வகுப்பதில் நாடுகள் எட்டிய ஒருமைப்பாடு சரிபார்ப்பில் பாதியளவே எட்டப்பட்டுள்ளது. தணிக்கை முறை குறிப்பிடத்தக்க முன்னேற்றம். எனினும் அதன் முடிவுகளைப் பாதுகாப்பாகப் பகிரும் வழி விரிவடையாதவரை சமநிலை ஏற்பு சில நாடுகளுக்குரிய சலுகையாகவே நிற்கும்.

மூன்றாவதாக, தகவல் பகிர்வு இன்னும் இயன்றவரை என்னும் நெகிழ்வான சொல்லாலேயே கட்டுப்படுத்தப்படுகிறது. ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 2016 செப்டம்பர் 22இல் நிறைவேற்றிய 2309ஆம் தீர்மானம் தகவல் பகிர்வையும் திறன் வளர்ப்பையும் வலியுறுத்தியுள்ளது. அவ்வலியுறுத்தலைக் கடமையாக்கும் பொறுப்பு உறுப்பு நாடுகளிடமே உள்ளது.

இன்று ஒரு பெட்டி சென்னையில் ஏறித் துபாயிலோ பிராங்க்பர்ட்டிலோ மாறும்போது அதன் பயணத்தைப் பல அரசுகளின் விதிகள் தொடர்கின்றன. அவ்விதிகள் ஒன்றையொன்று அறிந்திருப்பதே பயணியின் உயிருக்குக் காப்பு. தெற்காசிய நாடுகளுக்கிடையே இடைமாற்று உடைமை, எச்சரிக்கைப் பகிர்வு ஆகியன குறித்த ஏற்பாடுகளைத் தனியே ஆராய்வது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும்.